நீலம்தான் என்றேன்

அம்பிக்கு, அம்மா எழுதுவது. உன் கல்யாண நிச்சயத்தன்று சம்பந்தி வீட்டார் முன்னால் நீ உன் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாய். குத்துவிளக்கின் தலைப்பாகம் ஆடுகிறது என்று யாரோ சொல்ல, உன் அப்பா அதைத் திருகி, மறுபடி திருகி, ஆட்டிப் பார்த்து, மறுபடியும் திருகிக்கொண்டிருந்தார். நீ சிரித்துக்கொண்டே, "அப்பாவுக்கு ஒரு காரியத்தையும் முடிக்கத் தெரியாது. ஒரு திருகாணியைப் பத்து தடவை பார்ப்பார், அப்பவும் நம்பமாட்டார்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார். அவர் கை மட்டும் விளக்கிலிருந்து உடனே விலகிவிட்டது. உனக்கு அது தெரிந்திருக்காது. நான் பார்த்தேன். ஏழு வருஷமாக நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை அப்போதே அந்தக் கூடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நிதானமாக உட்கார்ந்து படி.

உன் அப்பா எப்போதும் இப்படி இருந்தவர் இல்லை. நீ திருநெல்வேலியில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த நாட்களில், காலேஜில் பௌதிக லாபில் அவருக்கு நல்ல பெயர். தராசு, மைக்ராஸ்கோப் எது பழுதானாலும் அவர் கைக்குத்தான் வரும். யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருஷத்தில், பட்டாளத்துக்காரர்கள் கழித்துக்கட்டிய சாமான்கள் சாலைக் கடைவீதியில் குவிந்து கிடந்தன. அதில் யாரும் என்னவென்று அறியாத ஒரு பம்பை அவர் எடுத்துக்கொண்டு கரமனையில் நம்மாத்துக்கு வந்தார். சைக்கிள் பம்பைவிடக் கொஞ்சம் பருமன், பித்தளை உடம்பு, மரப்பிடி. அதன் பக்கத்தில் ஒரு சிறு உருளை, உருளையில் விரலகலத்துக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். பைனாகுலருக்குள் ஈரம் ஏறிவிட்டால் அதை உலர்த்துவதற்கான பம்பு அது என்று அவர் சொன்னபோது, "நம்ம ஊர் மழைக்கு நெல்லே உலரமாட்டேங்கிறது" என்று நான் சிரித்தேன். ஒரு மாதம் அதோடு கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருந்தார். இறுகிப்போன மரைகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழற்றினார். உள்ளே இருந்த தோல் வாஷர் அப்பளம் மாதிரி காய்ந்து நொறுங்கியிருந்தது. புதுத்தோல் வாங்கி வட்டமாக வெட்டி, எண்ணெய் தடவி, கிண்ணம் போல மடித்துப் பொருத்தினார். ஆத்துக்குள் தோலைக் கொண்டுவரக் கூடாது என்று நான் பிடித்த பிடிவாதத்தால் அத்தனையும் கிணற்றடியிலேயே நடந்தது.

அந்த உருளைக்குள் கல்கண்டைப் பொடித்தது போல மணிகள் இருக்கும். காற்று அவற்றின் ஊடே போகும்போது ஈரத்தை அவை குடித்துவிடும். காய்ந்த காற்று பைனாகுலருக்குள் போய், உள்ளேயிருக்கும் ஈரக்காற்றை வெளியே தள்ளும். பைனாகுலரின் ஒரு குழாய்க்கு நூற்றுக்கணக்கான தடவை அடிக்க வேண்டும். மணிகள் காய்ந்திருந்தால் சங்குபுஷ்ப நீலம். ஈரம் குடித்துவிட்டால் ரோஸ் நிறம். அப்போது அவற்றை வாணலியில் போட்டுக் கரியடுப்பின் தணலில் மெதுவாக வறுத்தால் மறுபடி நீலமாகும். வறுத்ததைத் திறந்து வைக்கக் கூடாது, மூடிபோட்ட பாத்திரத்தில்தான் ஆறவேண்டும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். வறுத்தது நான்தான். முதல் தடவை வாணலியில் அந்த ரோஸ் மெல்ல மெல்ல நீலமாக மாறியதைப் பார்த்து நான் அவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "மாறிடுத்தா?" என்று என்னைத்தான் கேட்டார்.

உன் அப்பாவுக்கு அந்த இரண்டு நிறத்துக்கும் வித்தியாசம் தெரியாது, அம்பி. பிறவியிலேயே அப்படி. கல்யாணமான முதல் தீபாவளிக்கு நீலப் புடவை என்று சொல்லி எனக்கு ரோஸ் புடவை வாங்கி வந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் கட்டிக்கொண்டேன். பிறகு ஒருநாள் அவரே தலை குனிந்து சொன்னார். லாபில் வேலை செய்பவனுக்கு நிறம் தெரியாது என்று வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். வயர்களுக்கெல்லாம் பென்சிலால் எழுத்துப் போட்டு வைத்துக்கொண்டு சமாளித்தார். ஆகவே அந்தப் பம்புக்கு அவர் கை, என் கண். உருளையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "நீலமா?" என்று கேட்பார். நான் "நீலம்தான்" என்றால் பொருத்துவார், "இல்லை" என்றால் மறுபடி வறுப்போம். அந்த ஒன்றிரண்டு வருஷம் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். நெடுமங்காட்டு ரோட்டிலிருந்தெல்லாம் பைனாகுலர் வந்தது. வேலை முடிந்ததும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் முன்கண்ணாடியைத் துடைப்பார். ஸ்பிரிட் ஆவியாகும்போது கண்ணாடி சில்லிடும். உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அந்த இடத்தில் புகை மாதிரி படியும். படிந்தால் கொடுக்கமாட்டார். ஒரு ராத்திரி வைத்திருந்து, காலையில் இன்னொரு தடவை துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

கல்லாற்றிலிருந்து தாணு வந்தது அப்படித்தான். நாஞ்சில் நாட்டுக்காரர். பொன்முடி மலையடிவாரத்தில் மரம் வெட்டும் காண்ட்ராக்டர் ஒருவரிடம் காவல் வேலை. ஆற்று மணலில் ஆட்கள் வெட்டிய மரத்தடிகளுக்குப் பட்டை உரித்துக்கொண்டிருப்பார்கள். கீழே வெயிலடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஒரே சுவராக இறங்கும். அதனால் தாணு மேட்டுப்பாறையில் உட்கார்ந்து, தூரத்தில் பாறைமுகத்தில் விழும் அருவியைப் பைனாகுலரில் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். வெள்ளைக்கோடு அகலமானாலோ கலங்கினாலோ சிவப்புத் துணியை வீசுவார். கீழே எல்லோரும் கரையேறிவிடுவார்கள். பட்டை உரிப்பவர்களில் அவர் மனைவி பொன்னம்மையும் ஒருத்தி. பைனாகுலருக்குள் ஈரம் ஏறிப்போய், பத்து நாளாகப் பாதிக்கண்ணால் பார்ப்பதாகச் சொன்னார். வைகாசி நடுவில் பிடிக்கும் இடவப்பாதி மழை தொடங்கும் சமயம். மறுநாள் மத்தியானம் பஸ்ஸுக்கு அவர் திரும்பியாக வேண்டும்.

அந்த மூன்று நாள் நான் கொல்லை அறையில் ஒதுங்கியிருந்தேன். அந்த நாட்களில் சமையல் உன் அப்பாதான். ஆகவே மணிகளை வறுத்ததும் அவரே. மறுநாள் காலையில் தாணு வந்து கூடத்தில் உட்கார்ந்து பேசியது என் அறைவரை கேட்டது.

"சாமிக்கு கண்ணு வலிய கண்ணுன்னு சொல்லுதாங்க. நிறத்தைப் பாத்தே ஈரத்தைச் சொல்லிருவியளாமே."

"அதெல்லாம் பழக்கமாக்கும். பார்த்த உடனே தெரிஞ்சுடும்" என்றார் உன் அப்பா.

"வீட்டுல அம்மாவும் கூட நிப்பாங்களோ?"

"அவளா? அடுப்பு விசிறிக் குடுப்பள். அவ்வளவுதான்."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். நிறம் தெரியாதவர் என்பது வெளியே போகக் கூடாது. ஆனாலும் அந்த "அவ்வளவுதான்" என் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. வானம் மூடாக்குப் போட்ட காலை. எனக்கு இடுப்புவலி. யாரும் தொடாமல் தள்ளி வைத்த தட்டில் சாப்பிட்டுக்கொண்டு அங்கே கிடக்கிறேன். சற்று நேரத்தில் அவர் சமையலறைப் பின்வாசலில் வந்து நின்று, பத்தடி தூரத்திலிருந்து அந்த உருளையை எனக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "நீலமா?" என்று மெதுவாகக் கேட்டார், கூடத்துக்குக் கேட்டுவிடக் கூடாதென்று. அது நீலம் இல்லை. கத்தரிப்பூ மாதிரி இருந்தது, அடியில் ரோஸ் தெளிவாகத் தெரிந்தது. இன்னும் அரைமணி வறுத்திருக்க வேண்டும். என் வாய் சொன்னது, "நீலம்தான்." பார்த்தவுடனே தெரியுமென்று சொன்னவர்தானே, பார்த்துக்கொள்ளட்டும் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். ஒரு பைனாகுலர் மறுபடி புகைபிடித்துத் திரும்பி வரும், அவருக்குக் கொஞ்சம் தலைகுனிவாக இருக்கும் என்பதற்கு மேல் நான் நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. ஸ்பிரிட் தீர்ந்து போயிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மணி நீலமாக இருந்ததே என்ற நம்பிக்கையில் உன் அப்பா சோதித்துப் பார்க்காமல் கொடுத்துவிட்டார். அது அவர் பிழை. அந்த ஒரு பிழைதான் அவருடையது.

தாணு அந்த பஸ்ஸுக்கே போய்விட்டார். குளித்து ஆத்துக்குள் வந்ததும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். வந்த அன்று மழை பிடித்துக்கொண்டது. கரமனையாறு செம்மண் நிறத்தில் படித்துறை மூழ்க ஓடியது. தெருவே அதைப் பார்க்கப் போனது, நான் போகவில்லை. நாளை சொல்லலாம், நாளை ஒரு கடுதாசு போடச் சொல்லலாம் என்று நான்கு நாள் தள்ளினேன். ஐந்தாம் நாள் மழை விட்டிருந்தது. நன்றாக வெயில் வந்தது. இந்த வெயிலுக்கு ஆற்று மணலில் ஆட்கள் மறுபடி இறங்கியிருப்பார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் தாணு வந்தார். பைனாகுலரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். முகத்தில் அழுகை இல்லை.

"பொன்னம்மை போயிட்டா சாமி" என்றார். "ஆறு பொங்கி இறங்கினப்ப மத்தவங்க இரைச்சல் கேட்டு ஓடிட்டாங்க. அவ ஓடல்ல. துணி வீசினாத்தான் ஏறுவா. எம்மேல அவளுக்கு அத்தனை உறப்பு, அத்தனை நம்பிக்கை. பாறையைப் பாத்துக்கிட்டே நின்னிருக்கா."

உன் அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். காலம்பற நல்ல குளிரு. கண்ணாடில ஒரே வெள்ளை. மலையில மஞ்சு இறங்கிட்டுன்னு நெனச்சேன். ரெண்டு தடவை துண்டால தொடச்சேன், போகல்ல. மஞ்சு கலையட்டும்னு காத்திருந்தேன். ஆனா மலை தெளிஞ்சுதான் கெடந்துதுன்னு எல்லாரும் சொல்லுதாங்க. மஞ்சே கெடையாதாம். நான் ஒறங்கிட்டேன், சொப்பனத்துல மஞ்சு கண்டேன்னு காண்ட்ராக்டர் சொல்லுதாரு. அவ அண்ணன் என்னை வீட்டுப் படி ஏத்தல்ல. சாமி, ஒரு காரியம் மாத்திரம் பாத்துச் சொல்லணும். இதுக்குள்ள ஈரம் அண்ணைக்கே இருந்துதா? இருந்துதுன்னா நான் பாத்தது இந்தக் கண்ணாடிக்குள்ள உள்ள வெள்ளை. இல்லேன்னா நான் ஒறங்கினது சரிதான்."

உன் அப்பா வாங்கிப் பார்த்தார். உள்ளே ஈரம் இருந்தது. பாறையில் விழுந்து ஒரு பக்கம் நெளிந்தும் இருந்தது. அவர் அதை வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்தார். நான் அம்மிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். எல்லாம் கேட்டிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ நன்னா பார்த்தியோ அன்னிக்கு? யோசிச்சுச் சொல்லு. நீலம்தானா?"

ஒரு பெண் செத்திருக்கிறாள். இல்லை என்று சொன்னால் அவர் அந்தக் கணமே கூடத்துக்குப் போய்ச் சொல்லிவிடுவார். தாணு என்னைப் பார்ப்பார். பிறகு தெரு பார்க்கும். நீ பார்ப்பாய். நான் அவர் முகத்தைப் பார்த்து, "நீலம்தான். எனக்கென்ன, நிறம் தெரியாதா?" என்றேன். முதல் பொய்யைச் சொல்ல எனக்குக் கோபம் வேண்டியிருந்தது. இரண்டாவது அப்படி இல்லை, மூச்சு விடுவது போல வந்தது. உனக்கு நான் புத்தி சொல்வதென்றால் இதைத்தான் சொல்லுவேன், அம்பி. தவறிப்போய்ச் செய்ததை மனுஷர் மன்னிப்பார்கள், இல்லாவிட்டாலும் அது ஒரு இடத்தில் நின்றுவிடும். அதை மூடுவதற்காக இரண்டாம் தடவை வாயைத் திறக்கிறாய் பார், அது நிற்பதே இல்லை. யார் யார் வீட்டுக்குள்ளேயோ போய்க்கொண்டே இருக்கும்.

உன் அப்பா கூடத்துக்குத் திரும்பிப் போய்ச் சொன்னார். "அன்னிக்கு மணி காய்ஞ்சுதான் இருந்தது தாணு. இப்ப இருக்கிற ஈரம், கீழே விழுந்தப்ப ஏறியிருக்கும். காலம்பற இருந்ததுன்னு என்னால சொல்ல முடியலை." தாணு பைனாகுலரைச் சுற்றியிருந்த துண்டை மடித்தார். "அப்ப நான் கண்ணசந்துதான் போயிருக்கேன்" என்று சொல்லித் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து நீ அறிந்த அப்பா. நான் பொய் சொல்வேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஆகவே தன் கையைச் சந்தேகப்பட்டார். மரையைச் சரியாக முடுக்கவில்லையோ, தோல் வாஷர் ஒழுகியதோ, அடித்த தடவை குறைந்ததோ என்று பம்பைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். பிறகு அதைக் கொண்டுபோய் எங்கோ கொடுத்துவிட்டார். லாப் வேலை வேண்டாமென்று தானாகவே எழுதிக்கொடுத்து, சாக்கட்டியும் காகிதமும் எடுத்துக்கொடுக்கும் ஸ்டோருக்கு மாறினார். அந்தத் தீபாவளிக்கு நீ வந்தபோது, அப்பா ஏன் வாசல் பூட்டை இத்தனை தடவை இழுத்துப் பார்க்கிறார் என்று என்னிடம் கேட்டாய். வயசாகிறது என்றேன். அதுவும் ஒரு பொய்தான். அவருக்கு அப்போது நாற்பத்தைந்து கூட இல்லை.

உன் நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர்கள் எல்லாம் போன மறுநாள் காலை அவரிடம் சொன்னேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், நாஞ்சில் நாடு மதராஸோடு சேர்வதைப் பற்றி ஏதோ. மடித்து வைத்தார்.

"ரெண்டு தடவையும்?" என்றார்.

"ரெண்டு தடவையும்."

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. போட்டதைச் சாப்பிட்டார். பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை, அதைக் கவனித்தேன். நாலாம் நாள் சட்டையைப் போட்டுக்கொண்டு, "கிளம்பு. கல்லாத்துக்குப் போகணும்" என்றார்.

தாணு ஆற்றங்கரையிலேயே ஒரு சாயாக்கடை வைத்திருக்கிறார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. தனி ஆள். எங்களை அடையாளம் கண்டு பெஞ்சைத் துடைத்துப் போட்டார். சாயா கொடுத்தார். வெளியில் பச்சைத்தண்ணீர் குடிக்காதவள் நான், வாங்கிக் குடித்தேன். உன் அப்பா பேச வாயெடுத்தார். நான் தடுத்து நானே சொன்னேன். நிறத்தைச் சொன்னேன், இரண்டு தடவை நான் சொன்னதைச் சொன்னேன், உன் அப்பாவின் கண்ணையும் சொன்னேன். கீழே ஆறு கல்லில் மோதிக்கொண்டே இருந்தது. தாணு கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நான் ஒறங்கல்ல" என்றார்.

"இல்லை."

"ஏழு வருஷமா நானும் நம்பிட்டேன்மா. எப்படி ஒறங்கினேன், எப்பக் கண்ணடைச்சேன்னு தெனமும் யோசிச்சு யோசிச்சு, ஒறங்கினது எனக்கு ஞாபகமே வந்துட்டு. பாறைல தலை சாஞ்சது கூட ஞாபகம் இருக்கு." உள்ளே போய் ஒரு காகிதமும் பென்சிலும் கொண்டுவந்தார். "எழுதித் தாங்க. அவ அண்ணனுக்குக் காட்டணும். விதுரையில இருக்கான். இன்னும் என்னைக் கண்டா காறித் துப்புவான்."

எழுதினேன். மரப்பட்டை நாற்றம் அடிக்கும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, நான் இன்னாரின் மனைவி, கரமனையில் இன்ன தெரு என்று தொடங்கி, ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன் அப்பா ஒரு தடவை படித்தார். ஒரே தடவை. மடித்துத் தாணுவிடம் கொடுத்தார். மன்னித்தேன் என்று தாணு சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பஸ்ஸில் உன் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். நெடுமங்காடு தாண்டியது. பிறகு, "அன்னிக்கு நான் 'அவ்வளவுதான்'னு சொன்னேனே, அது எனக்கு ஞாபகமே இல்லை" என்றார்.

நேற்று தாணுவிடமிருந்து கார்டு வந்தது. வேறு யாரிடமோ சொல்லி எழுதியது. பொன்னம்மையின் அண்ணன் காகிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டானாம். கரமனைக்கு எந்த பஸ் என்று மட்டும் கேட்டானாம். "வெள்ளிக்கிழமை புறப்படுகிறான், நான் தடுத்தும் கேட்கவில்லை, சொல்லவேண்டியது என் கடமை" என்று தாணு எழுதியிருக்கிறார்.

உனக்கு ஓவர்சியர் உத்தியோகம் வந்துவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து ஒரு பாலம் நிற்கும், ஒரு சுவர் தாங்கும் என்று நீ கையெழுத்துப் போடப்போகிறாய். உன் கையெழுத்தை நம்பி அதன் கீழே நிற்பவர்கள் ஓடமாட்டார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கடிதத்தை நீ கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குப் படித்துக் காட்டு. அவள் அப்பாவுக்கும் காட்டு. அன்று சிரித்த எல்லோருக்கும் காட்டலாம். அதற்குப் பிறகு கல்யாணம் வேண்டாமென்று அவர்கள் சொன்னால், அதையும் நான் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் வெள்ளிக்கிழமை நீ இங்கே வராதே. வந்து நடுவில் நிற்காதே. உன் அப்பாவை உள்ளே இருக்கச் சொன்னேன், அவர் கேட்கவில்லை. காலையிலேயே சவரம் செய்துகொண்டு கூடத்தில் உட்காருவேன் என்கிறார். வருகிறவருக்கு என்ன கொடுப்பது, எங்கே உட்காரச் சொல்வது என்று ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்தமாட்டேன். அது மட்டும் நிச்சயம்.